இரண்டு சேர்வரும் ஒரு செவ்வாயும்

நான் வேலை செய்யும் கலியாண சேவை நிலையம் தெல்லிப்பழைச் சந்தியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஒரு தையல் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் இருக்கிறது. ஒரு மேசை, ஒரு கணினி, சுவரில் இரண்டு நாட்காட்டி, வருகிறவர்கள் இருக்க மூன்று கதிரை. வேலைக்குச் சேர்ந்தபோது என் பதவி தட்டச்சு. இரண்டு மாதத்துக்குள் முதலாளியின் பழைய கொப்பிகளையெல்லாம் கணினியில் ஏற்றி, விவரங்களைச் சேமித்துக் கேட்டவுடன் எடுத்துத் தரும் இலவசத் திறந்த மூலத் தரவுத்தளச் சேர்வர் ஒன்றை அதில் நிறுவி, பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒரு விசையில் பொருத்திப் பார்க்கும்படி செய்துவிட்டேன். பதவி இன்றைக்கும் தட்டச்சுதான்.

முதலாளி ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஊர் முழுக்க அவரை மாஸ்டர் என்கிறது, நானும் அப்படித்தான். கையால் எழுதிய சாதகங்களில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. “உதெல்லாம் ஆளுக்கொரு மாதிரிக் கீறி வைச்சிருப்பினம், பிள்ளை. எங்களுக்குத் திகதியும் நேரமும் இடமும் காணும்” என்பார். அது போதும்தான். சேர்வர் பிறந்த நேரத்தை உலகப் பொதுநேரமாக மாற்றி வைத்துக்கொள்ளும். அதை வைத்து எங்கள் செயலி லக்கினம் கணிக்கும், செவ்வாய் எந்த வீட்டில் என்று பார்க்கும், கிரகபாவம் என்கிற தோஷப் புள்ளிகளைக் கூட்டும். கடைசியில் பொருந்தும் அல்லது பொருந்தாது என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகச் சுழிபுரத்திலிருந்தும் சாவகச்சேரியிலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள்.

சேர்வரை நான் கணினியில் நேரடியாக நிறுவியிருந்தேன். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் கொஞ்சம் திமிர் வரும். விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் மறுமொழி வந்துவிடும். அந்தப் பழைய கணினியில் அப்படி ஓட வைத்ததற்கு எனக்கு யாராவது ஒரு மாலை போட்டிருக்கலாம். போட்டது ஒருவரும் இல்லை, குறை சொல்ல மட்டும் ஒருவர் வந்து சேர்ந்தார்.

எங்கள் இணையத்தளம் போனில் சரியாகத் திறக்கவில்லை என்று கனடாவிலிருந்து இரண்டு தாய்மார் ஏசியதால், அதைத் திருத்த மாஸ்டர் ஒருவரை ஒழுங்கு செய்தார். தொண்டைமானாற்றிலிருந்து திங்களும் வியாழனும் மோட்டார் சைக்கிளில் வருவார். என்னைவிட மூன்று நான்கு வயது கூட. ஊர்ப் பெயரால் ஆளைச் சொல்வது எங்கள் பழக்கம், எனவே நான் அவருக்கு வைத்த பெயர் தொண்டைமானாற்றார். வந்த முதல் நாளே என் கதிரையில் இருந்து, என் கணினியைத் திறந்து, புருவத்தை உயர்த்தினார்.

“உதை நேரடியாவோ போட்டிருக்கிறியள்?”

“வேறை எப்பிடிப் போடுறது? தலைகீழாவோ?”

அவர் சிரிக்கவில்லை. இணையத்தளம் வெளிநாட்டில் ஒரு வாடகைச் சேர்வரில் இருக்கிறது, அங்கே லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடுகிறது, இங்கேயும் அதே லினக்ஸில் அதே தரவுத்தளம் ஓடவேண்டும் என்றார். மாஸ்டரின் அச்சுப்பொறியும் தமிழ் எழுத்துருக்களும் அந்த மேசைக் கணினியின் சொந்த இயங்குதளத்தை விட்டால் வேலை செய்யா. எனவே எமுலேற்றர் ஒன்றைப் போடுவோம் என்றார். அதாவது, கணினிக்குள்ளே இன்னொரு கணினி இருப்பதாகப் பாவனை செய்யும் ஒரு செயலி, அந்தப் பாவனைக் கணினிக்குள் லினக்ஸ், அந்த லினக்ஸுக்குள் தரவுத்தளம்.

“அடுப்பு இருக்கேக்கை, அடுப்புக்கு மேலை அட்டைப்பெட்டியிலை ஒரு அடுப்புச் செய்து அதிலை சமைக்கப் போறியள்” என்றேன்.

“அங்கை ஓடுறது மாதிரி இங்கையும் ஓடவேணும். இல்லாட்டி ஒரு நாளைக்கு ரெண்டும் ரெண்டு மறுமொழி சொல்லும். அப்ப என்ன செய்வியள்?”

“சொல்லேக்கை பாப்பம்.”

சண்டை மாஸ்டரின் காதுக்குப் போனது. ஒரே அறை என்பதால் அதிகத் தூரம் போகவேண்டியிருக்கவில்லை. ஒரு மாதத்துக்கு இரண்டும் ஓடட்டும், ஒரே பட்டியலை இரண்டிலும் ஏற்றுங்கள், மாத முடிவில் இரண்டையும் அச்சடித்து ஒப்பிட்டுப் பார்த்து எது திறமோ அதை வைத்திருப்போம் என்று அவர் தீர்ப்பு வழங்கினார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. எமுலேற்றரைத் தொடக்கியவுடன் கணினியின் விசிறி இரைகிற இரைச்சலில் கீழே தையல் கடையில் மெஷின் ஓடுவது கேட்காது. ஒரு பொருத்தம் கேட்டுவிட்டு மாஸ்டர் இறங்கிப்போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார். அப்போதும் அது யோசித்துக்கொண்டிருக்கும்.

அந்த மாதம் நான் அவரைப் படுத்தாத பாடு இல்லை. அவருடைய எமுலேற்றரின் பெயரைத் திரையில் ‘மாட்டுவண்டில்’ என்று மாற்றி வைத்தேன். அடுத்த வியாழக்கிழமை என்னுடைய சேர்வரின் பெயர் ‘பிறேக் இல்லாத ஓட்டோ’ என்று மாறியிருந்தது. அவர் பொருத்தம் கேட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் நான் பக்கத்தில் நின்று நாட்காட்டியில் திகதி கிழித்தேன். அவர் ஒரு தோடம்பழத்தை உரித்து, பாதியை என் பக்கம் தள்ளினார். முதல் கிழமை அவரை ‘அண்ணை’ என்று கூப்பிட்டவள், இரண்டாவது கிழமையில் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே கதைக்கப் பழகிக்கொண்டேன். திங்களும் வியாழனும் நான் பவுடர் போடுவதைக் கீழ்க்கடைத் தையல் அக்கா முதலில் கண்டுபிடித்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. சுற்றிவளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது?

சிக்கல் அம்மா. ஒரு கலியாண சேவை நிலையத்தில் மகள் வேலை செய்தால் தாய்க்கு அது எவ்வளவு வசதி என்று நினைத்துப் பாருங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த கிழமையே என் பிறந்த நேரம் எழுதிய துண்டை மாஸ்டரிடம் கொடுத்துப் பதிவு செய்யச் சொன்னார். போரால் இடம்பெயர்ந்து அலைந்து திரிந்த காலத்தில் பிறந்ததால் எனக்குச் சாதகம் எழுதவில்லை, அந்தத் துண்டு மட்டும்தான். என்னை நானே தட்டச்சு செய்து, எனக்கு நானே ஒரு இலக்கம் கொடுத்தேன். அன்றிலிருந்து அம்மா மாதம் ஒரு மாப்பிள்ளையாவது கழித்துக்கொண்டிருக்கிறார். ஒருவருக்குச் செவ்வாய் இரண்டில். ஒருவருக்குக் கிரகபாவம் கூட. ஒருவருக்கு எல்லாம் பொருந்தியும், அச்சடித்த தாளில் மை மங்கலாக இருக்கிறது, சகுனம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார். அச்சடித்த தாளில் ‘பொருந்தும்’ என்று இல்லாத எவரும் எங்கள் படலையைத் தாண்ட முடியாது.

தொண்டைமானாற்றார் ஒருமுறை தாண்டினார். மழைக்குள் அகப்பட்டுவிட்ட என்னை வீட்டில் இறக்கிவிட வந்தவரை அம்மா உள்ளே கூப்பிட்டு, வடையைக் கையில் கொடுத்து, ஐந்து நிமிடத்தில் அவருடைய சரித்திரம் முழுவதையும் வாங்கிவிட்டார். எவடம், ஆரின்ரை பெடியன், சந்நிதி கோயிலுக்குக் கிட்டவோ எட்டவோ, எத்தனை சகோதரம், ஆர் ஆர் வெளிநாட்டிலை. அவர் நான்கு வடை சாப்பிட்டு, எல்லாவற்றுக்கும் ஒளிக்காமல் பதில் சொல்லிவிட்டுப் போனார். அம்மா கோப்பையைக் கழுவும்போது சொன்னது ஒரே வசனம்: “பெடியனுக்கு நல்ல பசி.”

அடுத்த வியாழன் நான் ஒரு கள்ள வேலை செய்தேன். சேர்வரைச் சோதிக்க ஒரு ஆணின் பிறந்த நேரம் தேவை, பட்டியலில் இல்லாத ஒன்றாக இருந்தால் நல்லது என்று முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு அவரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துத் தன்னுடையதைச் சொன்னார். அவர் போன பிறகு ‘சோதனை மாப்பிள்ளை’ என்ற பெயரில் அதை என் சேர்வரில் பதிந்து, என் இலக்கத்துடன் பொருத்திப் பார்த்தேன். பொருந்தும். எனக்குச் செவ்வாய் ஆறாம் வீட்டில் சும்மா கிடந்தது. பாவமும் சரிக்குச் சரி. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் காரணமே இல்லாமல் ஐஸ்கிறீம் குடித்தேன். நல்ல ஒரு நாள் பார்த்து அம்மாவிடம் அந்தத் தாளை நீட்டவேண்டியதுதான் பாக்கி.

ஆனால் அடுத்த திங்கள் வந்தவர் வேறு ஆளாக வந்தார். தோடம்பழம் இல்லை. மாட்டுவண்டிலைப் பற்றி நான் சொன்ன பகிடிகளுக்கு மறுமொழி இல்லை. வந்தார், தட்டினார், போனார். இரண்டு கிழமை இப்படி. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என்ன பிழை விட்டேன் என்று தெரியாமல் கோபிப்பது போல ஒரு எரிச்சல் வேறு இல்லை.

மாதம் முடிந்தது. மாஸ்டர் இரண்டு சேர்வரிலிருந்தும் முழுப் பொருத்தப் பட்டியலையும் அச்சடிக்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் சோதனைத்தாள் திருத்திய அதே சிவப்புப் பேனையுடன் கதிரையில் இருந்து, வரிக்கு வரி, ஒத்ததுக்குச் சரியும் ஒவ்வாததுக்கு வட்டமும் போட்டுக்கொண்டு வந்தார். கடைசித் தாளுக்கு வந்ததும் பேனை நின்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டார்.

“பிள்ளை, உம்மடை பட்டியலிலை ‘சோதனை மாப்பிள்ளை’ எண்டு ஒருத்தர் நிக்கிறார். தம்பி, உம்மடை பட்டியலிலை ‘பரீட்சார்த்தம்’ எண்டு ஒருத்தர் நிக்கிறார். ரெண்டு பேரும் ஒரே நாள், ஒரே ஊர், ஒரே நிமிசத்திலை பிறந்திருக்கினம்.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. தொண்டைமானாற்றார் யன்னலுக்கு வெளியே மின்கம்பத்தை ஆராய்ந்தார்.

“ரெண்டு பேருக்கும் பாத்தது ஒரே பொம்பிளை. இலக்கம்...” என்று தொடங்கியவர், இலக்கத்தை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். நாற்பது வருடம் பிள்ளைகளின் களவுகளைப் பிடித்த மனிதர். “இதிலை பொருந்துது. அதிலை பொருந்தேல்லை. எது சரி?”

அப்போதுதான் அந்த இரண்டு கிழமை மௌனம் எனக்கு விளங்கியது. மனுசனும் அதே கள்ள வேலையைத்தான் செய்திருக்கிறார், ஆனால் தன்னுடைய மாட்டுவண்டிலில். அங்கே என் செவ்வாய் ஏழாம் வீட்டில் குந்திக்கொண்டு, பொருந்தாது என்று சொல்லியிருக்கிறது.

“என்ரை பிழையா இருக்கும், மாஸ்டர்” என்றார் அவர், மின்கம்பத்திடம். “எமுலேற்றர்தானே. நேரடியா ஓடுறது சரியா இருக்கும்.”

ஒரு மாதமாக நான் கேட்க ஆசைப்பட்ட வசனம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போட்டியிலும் வென்று, மாப்பிள்ளையும் கிடைத்து, தாளும் அம்மா கையில் போயிருக்கும். ஆனால் எனக்கு ஒரு கெட்ட குணம் இருக்கிறது. ஒரு கணக்கு இரண்டு விடை சொன்னால், ஏன் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. தாள்களைப் பறித்துக்கொண்டு மேசையில் பரப்பினேன். வேறுபட்டவர்களை மட்டும் தனியே எடுத்தேன். என்னைவிட மூத்தவர்கள் எல்லாருக்கும் இரண்டும் ஒன்று. தொண்டைமானாற்றாருக்கும் நேரம் மாறவில்லை. என் வயதுக்காரருக்கும் என்னைவிடக் கொஞ்சம் இளையவர்களுக்கும்தான் இரண்டு சேர்வரும் இரண்டு நேரம் சொல்லின. எல்லாருக்கும் சரியாக அரை மணித்தியால வித்தியாசம்.

மாஸ்டர்தான் முதலில் நெற்றியில் அடித்துக்கொண்டார். “புது நேரம்” என்றார்.

நான் பிறப்பதற்கு முன்னர் நாட்டின் மணிக்கூட்டை அரசாங்கம் முன்னே தள்ளி வைத்தது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதுதான் திரும்பவும் பழையபடி வைத்தது. இடைப்பட்ட பத்து வருடமும் எங்கள் பக்கத்தில் இரண்டு நேரம் ஓடியது. அரசாங்கக் கந்தோர்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் புதிய நேரம். கோயில்களிலும் பல வீடுகளிலும், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பக்கங்களிலும் பழைய நேரம். லினக்ஸுக்கு இந்தக் கதை முழுக்கத் தெரிந்திருந்தது. உலகத்தில் எந்த நாடு எப்போது மணிக்கூட்டை மாற்றியது என்று யாரோ புண்ணியவான்கள் உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள், லினக்ஸ் அந்தப் பட்டியலைப் பார்த்து அரை மணித்தியாலத்தைக் கழித்திருக்கிறது. என் சேர்வர் நேரத்தை மேசைக் கணினியிடம் கேட்டது. மேசைக் கணினிக்கு இன்றைய நேரம் மட்டுமே தெரியும்.

“சட்டப்படி என்ரைதான் சரி” என்றார் தொண்டைமானாற்றார், செத்தவீட்டில் கதைப்பவர் போல.

அதுவும் முழுச் சரி இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஏனென்றால் மூன்று வருடமாகப் போனில் பிறந்த நேரம் கேட்கும்போது எத்தனையோ தாய்மார் என்னிடம், “பழைய நேரமோ பிள்ளை, புது நேரமோ சொல்லுறது?” என்று கேட்டிருக்கிறார்கள். நான் வேலை அவசரத்தில், “ஏதாவது ஒண்டைச் சொல்லுங்கோ அன்ரி” என்று சொல்லியிருக்கிறேன். அவர்களும் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். இதை மாஸ்டரிடம் ஒப்புக்கொண்டபோது அவர் ஏசவில்லை. முகம் வெளுத்துப்போய், “உந்தப் பட்டியலிலை கலியாணம் முடிஞ்ச ஆக்கள் எத்தினை பேர்?” என்று மட்டும் கேட்டார். நான் எண்ணத் தொடங்கியதும், “வேண்டாம், எண்ணாதையும். அவையளுக்கு ஒருத்தரும் போன் எடுக்கக் கூடாது” என்றார்.

போட்டியில் மாட்டுவண்டில் வென்றது. நான் விரும்பவில்லை, ஆனால் நாணயமாகச் சொன்னால் அதுதான் முறை. ஊரின் மணிக்கூட்டுக் கதை தெரிந்த சேர்வரிடம்தான் பிறந்த நேரத்தைக் கொடுக்கவேண்டும். என் கையாலேயே என் சேர்வரைக் கழற்றினேன். எமுலேற்றருக்குள் இருந்த தரவுத்தளத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன்: நேர வகை, பழையது அல்லது புதியது. பிறகு கலியாணமாகாத எல்லார் வீட்டுக்கும் இருவரும் மாறி மாறிப் போன் எடுத்தோம். ஒரு தாய், ரேடியோ நேரம் என்றார். ஒரு தகப்பன், “நாங்கள் அப்ப எந்தப் பக்கம் இருந்தம் எண்டு முதல்லை யோசிக்கவேணும்” என்று ஒரு மணித்தியாலம் கழித்து எடுக்கச் சொன்னார். இன்னொரு தாய், “ரெண்டிலையும் பாத்து நல்லதைப் போடு பிள்ளை” என்றார். அவருக்கு நான் நேர்மையைப் பற்றி ஒரு சிறு பிரசங்கம் செய்தேன். பக்கத்துக் கதிரையில் தொண்டைமானாற்றார் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் பட்டியலில் ஒரே ஒரு இலக்கம் மிஞ்சியது. மாஸ்டர் அதன் கீழ் சிவப்பால் கோடு போட்டு, “உம்மடை வீட்டையும் கேளும்” என்றார். எல்லாம் அதில்தான் தொங்கியது. புதிய நேரம் என்றால் ஏழில் செவ்வாய். அந்தத் தாளோடு வருபவரை அம்மா படலைக்கு உள்ளே விடமாட்டார். அம்மாவை எதிர்த்து ஓடிப்போகும் துணிச்சல் எனக்கும் இல்லை, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சந்நிதிக்குப் போகிற அவருக்கும் இல்லை. அவர் மோட்டார் சைக்கிளைத் தொடக்குவதற்கு முன்னர் என்னைப் பார்த்து, “என்னவெண்டாலும் உண்மையைக் கேட்டு எழுதுங்கோ” என்றார். அந்த நேரத்தில் அவரை எனக்கு முன்பைவிட அதிகமாகப் பிடித்தது, கன்னத்தில் ஒன்று போடவும் வேண்டும்போல இருந்தது.

வீட்டில் அம்மா குசினியில் முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். அப்பா வாசற்படியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தபடி, மிகச் சாதாரணக் குரலில் தொடங்கினேன். ஒஃபிஸில் எல்லாரிடமும் கேட்கிறோம், புதிதாக ஒரு விதி, என்னுடைய துண்டில் ஒன்பது மணி பத்து நிமிடம் என்று இருக்கிறது, அது பழைய நேரமா புதிய நேரமா.

“ஏன், ரெண்டுக்கும் வித்தியாசமோ?”

“ஓம். லக்கினம் மாறும். செவ்வாய் இடம் மாறும்.”

அம்மா இன்னும் ஒரு முருங்கைக்காயை எடுத்து, நாரை உரித்து, விரல் நீளத்துக்கு ஒவ்வொன்றாக வெட்டிச் சட்டியில் போட்டார். ஆஸ்பத்திரிக்கு உள்ளே கிடந்தவர் அவர். எந்த மணிக்கூட்டைப் பார்த்து அந்தத் துண்டு எழுதப்பட்டது என்று இந்த உலகத்தில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன்.

“அந்தத் தொண்டைமானாற்றுப் பெடியனுக்கு எந்த நேரம் பொருந்துது?” என்றார்.

நான் இதுவரை அம்மாவிடம் அவரைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

“பழைய நேரம்.”

“அப்ப பழைய நேரம்தான். அப்பா தன்ரை கைமணிக்கூட்டைப் பாத்துத்தான் எழுதினவர்.”

வாசற்படியில் பேப்பர் கீழே இறங்கியது. “நான் அந்த நேரம் கைமணிக்கூடு கட்டுறேல்லையே” என்றார் அப்பா. “ஆஸ்பத்திரிச் சுவரிலை எல்லோ...”

அம்மா கத்தியைக் கையில் வைத்தபடியே திரும்பிப் பார்த்தார்.

“கட்டினனீங்கள்” என்றார். “பேசாமல் இருங்கோ.”

அப்பா பேப்பரை மறுபடி தூக்கிப் பிடித்தார். நான் கைப்பையைத் திறந்து, பட்டியலை எடுத்து, என் இலக்கத்துக்கு நேரே ‘பழையது’ என்று எழுதினேன்.